கேமை எங்கே வாங்குவது? ஸ்டீம், ஜிஓஜி, சந்தா, டிஸ்க்: ஓர் ஒப்பீடு

அண்ணன் பையன் கோபியிலிருந்து கோவைக்கு இன்ஜினியரிங் படிக்க வந்திருக்கிறான். வீட்டில் அவனும் தங்கையும் பங்கு போட்டுக்கொள்ளும் டெஸ்க்டாப் ஒன்று, ஹாஸ்டலில் லேப்டாப் ஒன்று. போன வாரம் போன் செய்து கேட்டான்: "சித்தப்பா, சைபர்பங்க் ஸ்டீம்லயும் இருக்குதுங்க, ஜிஓஜிலயும் இருக்குதுங்க. ரெண்டும் ஒரே கேம்தானுங்களே, எதுல வாங்கறதுங்க?"

ஸ்டீம், ஜிஓஜி இரண்டும் கம்ப்யூட்டர் கேமை நெட்டில் விற்கிற கடைகள். ஒரே கேம்தான். ஆனால் காசு கட்டிய பிறகு நம் கையில் என்ன நிற்கிறது என்பது கடைக்குக் கடை வேறு. அரை ஏக்கர் பூமி வாங்கினாலும் வில்லங்கம் போட்டுப் பார்த்து, தடப் பாத்தியம் இருக்கிறதா என்று விசாரித்து, அப்புறம்தான் அட்வான்ஸ் கொடுக்கிற ஊர் நம்முடையது. அதே ஆள் கேமுக்கு மூவாயிரம் ரூபாய் கட்டும்போது ஒரு வரிகூடப் படிக்காமல் 'சம்மதம்' என்று தட்டிவிடுகிறார். படித்திருந்தால் தெரிந்திருக்கும், பெரும்பாலான கடைகளில் நடப்பது கிரயம் இல்லை, முடிகிற தேதி எழுதாத குத்தகை.

இதைக் கடைக்காரர்களே இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமில் காசு கட்டும் இடத்திலேயே, நீங்கள் பெறுவது லைசென்ஸ்தான், அதாவது விளையாடிக்கொள்ளும் அனுமதிதான் என்று ஒரு வரி இருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் கொண்டுவந்த சட்டம்தான் காரணம். 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் அந்தச் சட்டப்படி, டிஜிட்டல் சரக்கை 'வாங்குங்கள்' என்று போட்டு விற்கிறவர்கள் அது லைசென்ஸ் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அதில் ஒரு விலக்கும் உண்டு: நிரந்தரமாக டவுன்லோட் செய்து, நெட் இல்லாமலும் வைத்துக்கொள்ளும்படி கொடுக்கிற கடைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இந்த விலக்கை நினைவில் வையுங்கள், ஜிஓஜியைப் பற்றிப் பேசும்போது வரும்.

லைசென்ஸ் என்றால் என்னதான் ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 'தி க்ரூ' கதையைச் சொல்ல வேண்டும். யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்ட கார் ஓட்டும் கேம் அது. தனியாளாக ஓட்டினாலும் கம்பெனியின் சர்வரோடு தொடர்பு இருந்தாக வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அதோடு விடவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்களின் அக்கவுண்ட்டில் இருந்த லைசென்சையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பெட்டியில் டிஸ்காக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் அதே கதிதான், ஏனென்றால் டிஸ்க் போய்க் கதவைத் தட்ட அங்கே சர்வர் இல்லை. ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் இதை எதிர்த்து ஓர் இயக்கமே தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொடுத்த மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது. அவர்கள் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. சர்வரை ஆயுசுக்கும் நடத்து என்று சொல்லவில்லை. கடையை மூடும்போது, வாங்கியவன் எப்படியாவது விளையாடிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள், அவ்வளவுதான்.

சோனியின் 'கான்கார்ட்' இன்னும் வேடிக்கை. 2024 ஆகஸ்ட் 23 வெளியீடு, செப்டம்பர் 6 மூடுவிழா. அவர்களாவது பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆகவே எந்தக் கடை என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த மாதிரி கேம் என்று பார்க்க வேண்டும். சர்வர் இல்லாமல் ஓடாத கேம் என்றால் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். சிநேகிதர்கள் எங்கே இருக்கிறார்களோ, எங்கே விலை குறைவோ, அங்கே வாங்கிவிட்டுப் போகலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அர்த்தமே, தனியாக உட்கார்ந்து கதையாக விளையாடும் கேம்களில்தான் இருக்கிறது. அங்கே போட்டி ஸ்டீமுக்கும் ஜிஓஜிக்கும்.

ஸ்டீம் 2003-இல் வால்வ் கம்பெனி ஆரம்பித்தது. 2004-இல் 'ஹாஃப் லைஃப் 2' வந்தபோது கடையில் பெட்டியாக வாங்கியவர்களும் ஸ்டீமில் பதிந்தால்தான் விளையாட முடியும் என்று ஆக்கினார்கள். அன்றைக்கு ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள், இன்றைக்கு அதுதான் ஊர் வழக்கம். திட்டியதிலும் நியாயம் உண்டு, பழகியதிலும் நியாயம் உண்டு. 2015 நவம்பரிலிருந்து ரூபாயிலேயே விலை போடுகிறார்கள், யூபிஐயில் கட்டலாம். பல கேம்களுக்கு இந்திய விலை டாலர் விலையை விட நன்றாகவே குறைவு. கோடையிலும் வருஷக் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும். பிடிக்கவில்லை என்றால் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பி வரும்.

(இந்த 2 மணி நேரக் கணக்கில் ஒரு சங்கடம். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'வெண்பா' என்ற கேம் 2023-இல் வந்ததே, இட்லி ஊற்றுவதிலிருந்து ஆரம்பிக்குமே, அதை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது. தயவுசெய்து கேட்காதீர்கள்.)

ஸ்டீமில் எனக்குப் பிடித்த வசதி, அதிகம் பேர் கவனிக்காதது, ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டருக்கு இடையே கேமை நகர்த்திக்கொள்வது. 2023-இல் வந்தது. 'பால்டர்ஸ் கேட் 3' 150 ஜிபி இடம் கேட்கிறது. 100 எம்பிபிஎஸ் பைபர் லைன் முழு வேகத்தில் வந்தாலே 3 மணி நேரம் 20 நிமிஷம். 10 எம்பிபிஎஸ் என்றால் ஒரு நாள் தாண்டி, அடுத்த நாள் காலை வரை இழுக்கும். நடுவில் மாதாந்திர பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினால், சாயந்திரம் வரை ரவுட்டரும் கிடையாது. ஒரு மிஷினில் இறங்கியதை லேப்டாப்புக்கு வீட்டு வைஃபையிலேயே தள்ளிவிட்டால் அந்தத் தலைவலி பாதியாகக் குறையும். செமஸ்டர் லீவில் ஊருக்கு வருகிறவன் லேப்டாப்பை நிரப்பிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போகலாம். காலேஜ் வைஃபையில் கேம் கடைகளைத் திறக்கவே விடமாட்டார்கள் என்பது படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும்.

சரி, குறை என்ன? எல்லாம் ஒரே அக்கவுண்ட்டில் தொங்குகிறது. அதை இன்னொருவர் பேருக்கு மாற்ற முடியாது, விற்க முடியாது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அக்கவுண்ட் போனால் பத்து வருஷமாக வாங்கியதும் அதோடு போய்விடும். அதைவிட நம் பக்கத்துக்குப் பொருந்தும் குறை ஒன்று உண்டு. 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஆதரவை நிறுத்திவிட்டது. திருப்பூரில் எத்தனையோ பனியன் கம்பெனி ஆபீஸ்களிலும் வீடுகளிலும் அந்தக் காலத்து மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் வந்த ஒரு கேம், அந்த மிஷினுக்கென்றே செய்த கேம், காசு கொடுத்து வாங்கியது. கேமில் ஒரு கோளாறும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை. நடுவில் நிற்கிற கடைக்காரனுக்கு இஷ்டமில்லை என்பதால் அது எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். சர்வர் மூடிய கதையை விட இது என்னை அதிகம் உறுத்துகிறது.

நியாயமாகச் சொல்வதென்றால், ஸ்டீமில் இருக்கும் சில கேம்கள் ஸ்டீம் இல்லாமலே போல்டரைத் திறந்து நேராக ஓட்டினாலும் ஓடும். ஆனால் எது ஓடும் எது ஓடாது என்று கடைப் பக்கத்தில் போட்டிருக்க மாட்டார்கள், இறக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைப் பக்கத்தில் போட்டிருப்பது வேறு ஒன்று: காப்பி அடித்து விளையாடுவதைத் தடுக்கும் டெனுவோ மாதிரியான பூட்டு இருக்கிறதா, யூபிசாஃப்ட், இஏ என்று இன்னொரு கம்பெனி அக்கவுண்ட்டும் கேட்பார்களா என்பது. வலது ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வாங்குவதற்கு முன் அந்த ஓரத்தைப் படிக்காமல் விடாதீர்கள்.

இப்போது ஜிஓஜி. போலந்து நாட்டு சிடி ப்ராஜெக்ட் 2008-இல் பழைய கேம்களை விற்க ஆரம்பித்த கடை. இங்கே பூட்டே கிடையாது. வாங்கியதும் 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' என்று ஒன்று கிடைக்கும். ஒரு செட்டப் ஃபைல், அதோடு 4 ஜிபி 4 ஜிபியாக வெட்டிய துண்டுகள். சைபர்பங்க் அளவுக்குப் பெரிய கேம் என்றால் பதினைந்து இருபது துண்டு வரும். அத்தனையையும் ஒரு போல்டரில் போட்டு வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டால் முடிந்தது வேலை. நெட் இல்லாத தோட்டத்து வீட்டிலும் இன்ஸ்டால் ஆகும், அக்கவுண்ட் கேட்காது, யாரிடமும் அனுமதி கேட்காது. துண்டுதுண்டாக இருப்பதில் ஒரு லாபம், டவுன்லோட் நடுவில் கரண்ட் போனால் அந்த ஒரு துண்டோடு போகும், மொத்தமும் முதலிலிருந்து வேண்டியதில்லை.

விளையாடியிருந்தாலும் 30 நாளுக்குள் சரியாக ஓடவில்லை, பிடிக்கவில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2024 நவம்பரில் பழைய கேம்களைப் புது மிஷின்களிலும் தொடர்ந்து ஓடும்படி பராமரிக்க ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள், முதல் கட்டமாக 100 கேம்.

ஆனால் இங்கேயும் காகிதத்தில் எழுதியிருப்பது லைசென்ஸ் என்றுதான். வித்தியாசம் காகிதத்தில் இல்லை, ஃபைல் நம் அலமாரிக்கு வந்துவிடுகிறது, வந்ததைத் திரும்ப எடுக்க அவர்களிடம் வழி இல்லை, அதில் இருக்கிறது. கலிஃபோர்னியா சட்டத்தில் விலக்கு என்று மேலே சொன்னது இந்த ஏற்பாட்டுக்குத்தான். அதனால் ஒரு நிபந்தனை: டவுன்லோட் செய்து வைத்தால்தான் அது உங்களுடையது. ஜிஓஜியில் நாற்பது கேம் வாங்கி ஒன்றைக்கூட இறக்கி வைக்காமல், "நான் பூட்டில்லாக் கட்சி" என்று பேசுகிறவர்கள் ஏராளம். நாளைக்கு ஜிஓஜி மூடினால் அவர்களும் ஸ்டீம்காரர்களும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள்.

சிரமங்களும் சொல்ல வேண்டும். விலை டாலரில் வரும், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் திறந்துவிட வேண்டும். புது கார்டுகளில் அதை மூடியேதான் கொடுக்கிறார்கள். புது வெர்ஷன் வந்தால் இன்ஸ்டாலரை நாமாகத் திரும்ப இறக்கி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சரக்கு குறைவு. ஜிடிஏ 5 கிடையாது, கால் ஆஃப் டியூட்டியின் புதுப் பாகங்கள் கிடையாது, வருஷா வருஷம் வருகிற ஃபுட்பால் கேம் கிடையாது. பெரிய கம்பெனிகள் பூட்டை விட மனசில்லாமல் அந்தப் பக்கமே வருவதில்லை.

என் கணக்கு இது. தனியாக விளையாடும் கேம், இரண்டு கடையிலும் இருக்கிறது, திரும்பத் திரும்ப விளையாடுவேன் என்று தோன்றுகிறது என்றால் ஜிஓஜி, சில நூறு ரூபாய் அதிகமானாலும் சரி. ஒரு தடவை முடித்துவிட்டு மறக்கப் போகிற கேமுக்கு ஸ்டீம் தள்ளுபடி விலை. ஜிஓஜியில் இல்லாததற்கும் ஸ்டீம். நடுநிலையாக இருக்கிறேன் என்று காட்ட இதைத் திருப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

எபிக் என்ற இன்னொரு நெட் கடைக்கு அதிக நேரம் வேண்டாம். 2018 டிசம்பரில் வந்தது, வாரா வாரம் இலவச கேம் கொடுக்கிறார்கள், 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐயே சும்மா கொடுத்தார்கள். கொடுப்பதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காசு போட்டு அங்கே வாங்க எனக்கு ஒரு காரணம் தெரியவில்லை.

சந்தா வேறு விவகாரம். மைக்ரோசாஃப்ட்டின் கேம் பாஸ் 2017-இல் வந்தது. மாதம் ஒரு தொகை, நூற்றுக்கணக்கான கேம்கள். இதில் உரிமை என்ற பேச்சே இல்லை, அவர்களும் அப்படிச் சொல்லி விற்கவில்லை, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். முன்னே சொன்ன வெண்பா வெளியான அன்றைக்கே கேம் பாஸிலும் வந்தது. அந்த மாதிரி ஒரே மூச்சில் முடிகிற சின்ன கேம்களுக்கும், மே மாத லீவில் ஒரு மாதம் போட்டு நாலைந்தைச் சுவைத்துப் பார்ப்பதற்கும் சந்தாதான் மலிவு. நூறு மணி நேரம் இழுக்கிற கேமை மட்டும் அதில் ஆரம்பிக்காதீர்கள். கேம்கள் வரும், போகும். ஜிடிஏ 5 பல தடவை உள்ளே வந்து வெளியே போயிருக்கிறது. படிப்பு, பரீட்சை என்று நடுவில் ரெண்டு மாதம் விட்டுப் பிடிக்கிறவனுக்கு, திரும்பி வரும்போது அந்த கேம் அங்கே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. லீவு முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்த மறக்க வேண்டாம். மறந்தால், பணம் எடுக்கும் முன் வருகிற எஸ்எம்எஸ் அப்பாவின் போனுக்குத்தான் போகும்.

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை டிஸ்க் என்ற பேச்சையே விட்டுவிடலாம். கடைசிக் காலத்தில் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஸ்டீமில் கேமைத் திறக்கும் கோடு நம்பர் எழுதிய ஒரு சீட்டுதான் இருந்தது. பழைய ஒரிஜினல் சிடிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு அடி விழுந்தது: அந்தக் காலத்து கேம்கள் பலவற்றில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற பூட்டை, பாதுகாப்புக் காரணம் சொல்லி 2015-இல் விண்டோஸ் 10 ஓட்ட மறுத்துவிட்டது. கையில் சிடி இருக்கிறது, கேம் ஓடாது. அதையே பூட்டில்லாமல் ஜிஓஜியில் இரண்டாவது தடவை காசு கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. பொருள் கையில் இருந்தால் போதும் என்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் டிஸ்க் இன்னும் லாபம்தான். விளையாடி முடித்ததை விற்கலாம், சிநேகிதனோடு மாற்றிக்கொள்ளலாம், பழைய டிஸ்கைக் கொடுத்து மீதிப் பணத்துக்கு வேறு எடுத்துவரலாம். பிஎஸ்4 டிஸ்க் பிஎஸ்5-இல் ஓடும். கோவையில் ஒரே டிஸ்க் ஒரு ஏரியாவில் நாலு வீடு சுற்றுவது சாதாரணம். டிஜிட்டலாக வாங்கியதற்கு இந்தச் சுற்றே கிடையாது. ஆகவே பிஎஸ்5 வாங்குகிறவர்கள் டிஸ்க் டிரைவ் இருக்கும் மாடலைப் பார்த்து வாங்குங்கள். பிஎஸ்5 ப்ரோ டிரைவ் இல்லாமல்தான் வருகிறது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும், மாட்டியதும் ஒரு தடவை நெட்டில் இணைத்துப் பதிய வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு விற்கும் கார்டுகளில் ஒரு வகை, உள்ளே கேமே இல்லாமல் டவுன்லோடுக்கான சாவியை மட்டும் வைத்திருக்கிறது. பெட்டியின் முன்பக்கமே போட்டிருப்பார்கள், பார்த்து வாங்கவும். நின்டெண்டோ 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ என்ற பழைய மிஷின்களுக்கான கடைகளை மூடியது, மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை மூடியது. மிஷின் பழசாகிவிட்டால் அதற்கான டிஜிட்டல் கடைக்கும் ஆயுசு முடிகிறது.

ஹாஸ்டல் பிள்ளைகளிடம் இன்னொரு 'வழி' புழங்குகிறது, அதைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமை ஆகாது. டெலிகிராமில் நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்கு 'ஆஃப்லைன் ஆக்டிவேஷன்'. விற்கிறவன் தன் ஸ்டீம் அக்கவுண்ட்டின் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுப்பான். நுழைந்து, இறக்கி, ஆஃப்லைன் மோடுக்குப் போய்விட வேண்டும், அப்புறம் ஆன்லைன் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அதே அக்கவுண்ட்டை இன்னும் எத்தனை பேருக்கு விற்றிருக்கிறான் என்று அவனுக்கே கணக்கு இருக்காது. இது ஸ்டீம் விதிக்கு நேர் எதிர். விண்டோஸைத் திரும்பப் போட்டால் கேம் காலி, விற்றவன் மெசேஜுக்குப் பதில் போட மாட்டான். இருநூறு ரூபாய்க்கு ஸ்டீம் தள்ளுபடியில் நல்ல சின்ன கேம் ஒன்று சொந்த அக்கவுண்ட்டிலேயே கிடைக்கும்.

பையனுக்குச் சொன்னவற்றில் கடைசியாக, எந்தக் கடையானாலும் காலேஜ் கொடுத்த ஈமெயிலில் அக்கவுண்ட் திறக்காதே என்றேன். படிப்பு முடிந்ததும் அந்த ஐடியை மூடிவிட்டால், பாஸ்வேர்டு மாற்றுவதற்கான மெயில் போய்ச் சேர இடம் இருக்காது. ஸ்டீமில் குடும்பமாகச் சேர்ந்துகொள்ளும் வசதி 2024-இல் வந்தது, ஒரே வீட்டில் இருக்கும் 6 பேர் வரை. அண்ணன் வாங்கியதைத் தங்கை விளையாடலாம், இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு கேம் விளையாடலாம். ஒரே கேமை ஒரே நேரத்தில் என்றால் இரண்டு பிரதி வேண்டும். ஒருவர் விலகினால் அந்த இடம் ஒரு வருஷம் காலியாகவே இருக்கும், அதனால் சிநேகிதனை எல்லாம் சேர்த்து இடத்தை வீணாக்க வேண்டாம். அண்ணன் வாங்கிய ஆன்லைன் கேமில் தங்கை சீட்டிங் செய்து பிடிபட்டால், அந்த கேமில் அண்ணனுக்கும் தடை விழும்.

அவன் சைபர்பங்கை ஜிஓஜியில் வாங்குவதாகவும், வருஷக் கடைசித் தள்ளுபடி வரை பொறுப்பதாகவும் முடிவு. வெளி ஹார்ட் டிஸ்க் என் கணக்கு. தங்கையிடமும் இதே பாடத்தை ஆரம்பித்தேன். அவள் விளையாடுவது வேலரன்ட், கேம் இலவசம், காசு போவது துப்பாக்கிக்குப் போடும் ஸ்கின்னுக்கு. அதை விற்கவும் முடியாது, இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது, ஒரு நாள் சர்வரை அணைத்தால் எல்லாம் போய்விடும் கண்ணு என்றேன். "அன்னைக்கு வரைக்கும் நல்லா இருக்குமுங்களே சித்தப்பா" என்று சொல்லிவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.